வெட்டாம பூசணி அலங்காரம்: பொறுக்குறதுல இருந்து தூக்கிப் போடுற வரைக்கும்

இலையுதிர் காலம் வந்தாச்சு, வாசல்ல பூசணி வைக்கணும், ஆனா கத்திய எடுத்து முகம் செதுக்கி, உள்ள இருக்குற நாரு விதையெல்லாம் வழிச்சுப் போட்டு, அப்புறம் அது ஒரு வாரத்துக்குள்ள பூஞ்சை புடிச்சு சுருங்கி உக்காரதப் பாக்க பொறுமை இல்லங்குறவங்களுக்கு இந்த வழிகாட்டி. வெட்டின பூசணிக்கு ஆயுசு சில நாள்தான். வெட்டாததை நல்லதா பொறுக்கி, ஈரம் படாத, ரொம்ப சூடும் ரொம்ப குளிரும் இல்லாத இடத்துல வெச்சா ரெண்டு மூணு மாசம் கூட தாங்கும்.

வீடியோல்லாம் பாத்தீங்கன்னா எல்லாமே பெயிண்ட் அடிக்குறதுல இருந்துதான் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி என்ன பண்ணனும்னு யாரும் காட்டுறதே இல்ல, அதனாலதான் பாதி பேருக்கு பெயிண்ட் தோல் தோலா உரியுது, மீதி பேருக்கு அடியில அழுகி மேசையெல்லாம் கறை ஆகுது. இதுல நல்லா அல்லாடி முடிச்ச ஆளுங்குற முறையில சொல்றேன், இந்த வேலையில பாதிக்கு மேல பொறுக்குறதும் கழுவுறதும் காயவைக்குறதும்தான். மிச்சம் உங்க ரசனை.

1. எந்தத் தேதி வரைக்கும் நிக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இத முடிவு பண்ணாம கடைக்குப் போகாதீங்க. ஹாலோவீனுக்கு (பசங்க வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் கேட்டு வர்ற நாள்) மட்டும்னா அக்டோபர் 31 முடிஞ்சா வேலை முடிஞ்சுது. தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் வேணும்னா அமெரிக்காவுல அது நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, கனடாவுல அக்டோபர் ரெண்டாவது திங்கட்கிழமை, ரெண்டுக்கும் நடுவுல ஆறு வாரத்துக்கு மேல வித்தியாசம் இருக்கு. ஹாலோவீன், தேங்க்ஸ்கிவிங் ரெண்டுக்கும் ஒரே பூசணிய ஓட்டணும்னா பேய் முகம், சிலந்தி வலை, வௌவால் எல்லாம் வேணாம். இலை, கோடு, பூ, வெறும் ஒத்த கலர் இந்த மாதிரி பொதுவா போயிடுங்க. இல்லன்னா ஒரு பக்கம் முகம், மறுபக்கம் இலைன்னு வரைஞ்சுட்டு நவம்பர் 1 காலைல திருப்பி வெச்சுடலாம், அதுவும் ஒரு வழிதான்.

அப்புறம் நாள் கணக்க பின்னாடி இருந்து போடுங்க. கழுவி காய ஒரு ராத்திரி, அடிக்கோட்டு (கலருக்கு முன்னாடி அடிக்குற ப்ரைமர் பூச்சு) காய ஒரு நாள், டிசைனுக்கு ஒரு நாள், சீலருக்கு (பெயிண்டக் காப்பாத்த கடைசில அடிக்குற நிறமில்லாத பூச்சு) ஒரு நாள், ஆக நிதானமா பண்ணா நாலு நாள் ஆகும். ஒரே சாயங்காலத்துல முடிக்கலாம்னு உக்காந்தா ஈரத்து மேல ஈரம் அடிச்சு எல்லாம் வழியும். குழந்தைங்களோட பண்ணப் போறீங்கன்னா கழுவுறதையும் அடிக்கோட்டையும் முன்கூட்டியே நீங்க முடிச்சு வெச்சுடுங்க, பசங்களுக்கு காய்ற வரைக்கும் காத்திருக்குற பொறுமை கிடையாது.

ரொம்ப சீக்கிரமும் வாங்காதீங்க. வெயில் இன்னும் குறையாதப்ப வாங்கி வாசல்ல வெச்சா சூட்டுலயே பாதி ஆயுசு போயிடும். கடைசி வாரம் போனா விலை குறைஞ்சிருக்கலாம், ஆனா காம்பு உடைஞ்சது, அடி நசுங்கினதுன்னு மத்தவங்க ஒதுக்கினதுதான் கிடக்கும்.

2. பூசணி பொறுக்குறது

முதல்ல காம்பப் பாருங்க. தடியா, கெட்டியா, பழத்தோட நல்லா ஒட்டி இருக்கணும். காம்பு உடைஞ்ச இடம்தான் கிருமி உள்ள போற வாசல், அங்கிருந்துதான் பெரும்பாலும் அழுகல் ஆரம்பிக்கும். அதனால காம்பப் புடிச்சு தூக்கவே கூடாது, எவ்ளோ வசதியா கைப்பிடி மாதிரி இருந்தாலும் சரி, ரெண்டு கையாலயும் அடியில தாங்கித் தூக்குங்க.

அடுத்து நகத்தால தோலை லேசா அழுத்துங்க. கெட்டியா இருந்து நகம் உள்ள இறங்கலன்னா நல்லா முத்தின காய். சுலபமா பள்ளம் விழுந்தா இன்னும் முத்தல, சீக்கிரம் சுருங்கிடும். அப்புறம் கண்டிப்பா திருப்பிப் போட்டு அடியப் பாருங்க, நிறைய பேர் இத பண்றதில்ல. தரையில படுத்திருந்த பக்கம் வெளுப்பா இருந்தா பரவாயில்ல, அது சகஜம். ஆனா ஈரமா, அமுக்குனா உள்ள போற மாதிரி, இல்ல தண்ணி கோத்த மாதிரி ஒரு வட்டம் தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. காம்பைச் சுத்தி உள்ள பள்ளத்துலயும் விரல வெச்சுப் பாத்துடுங்க. சமதளத்துல வெச்சு ஆடுதான்னும் பாருங்க, ஆடுற பூசணில நேர்கோடு போடுறது பெரிய தலைவலி.

எந்த மாதிரி தோல்ங்குறது என்ன பண்ணப் போறீங்கங்குறதப் பொறுத்தது. ஸ்டென்சில், எழுத்து, நாப்கின் ஒட்டுறது இதுக்கெல்லாம் வரிப்பள்ளம் அதிகம் இல்லாத வழவழப்பான காய் வேணும். ஆழமா வரி விழுந்தது கோடு கோடா கலர் அடிக்க நல்லா இருக்கும், ஏன்னா கோடு போட்டுத் தர்ற வேலைய அதுவே பாத்துக்கும். கரடுமுரடா மரு மருவா இருக்குறத வாங்கினா அதுமேல எதுவும் பண்ணாம அப்படியே வெச்சுடுறதுதான் நல்லது.

செலவக் குறைக்க ஒரு விஷயம் சொல்றேன். ஆரஞ்சு காய வாங்கி வெள்ளை அடிக்குறதுக்கு பதிலா, இயற்கையாவே வெள்ளையா வர்ற ரகத்த வாங்கிடுங்க. பெருசுல லுமினா, உள்ளங்கை அளவுல பேபி பூ. சாம்பல் நீலம் வேணும்னா ஜாரடேல்னு ஒரு ரகம் இருக்கு, தட்டையா செவப்பு ஆரஞ்சுல வர்றத சின்ட்ரெல்லா பூசணின்னு விப்பாங்க, குட்டி ஆரஞ்சுக்கு ஜாக் பி லிட்டில். காய் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் ப்ரைமர், வெள்ளை பெயிண்ட், ரெண்டு நாள் வேலை எல்லாம் மிச்சம். இந்த நாலஞ்ச சேத்து அடுக்கினாலே பாதி அலங்காரம் முடிஞ்சுது.

ஃபோம்ல செஞ்ச செயற்கைப் பூசணி வாங்கலாமான்னு கேப்பீங்க. வருஷா வருஷம் அதே டிசைன் போதும்னா வாங்கலாம், முதல் வருஷ செலவு கூட, அப்புறம் செலவே இல்ல. ஒரே ஒரு ஆபத்து, தெர்மோகோல் வகை ஃபோம்னா அதுமேல நேரா ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சா அதுல இருக்குற கரைப்பான் ஃபோமையே அரிச்சு குழி குழியா ஆக்கிடும். பிரஷ்ல அக்ரிலிக் பெயிண்ட் அடிங்க, இல்ல ஃபோமுக்கு ஆகும்னு டப்பால போட்டிருக்குற ஸ்ப்ரேவா பாத்து வாங்குங்க.

3. கழுவுறது, காயவைக்குறது

இந்த இடத்துல அவசரப்படாதீங்க, ப்ளீஸ்.

பூசணித் தோல் மேல இயற்கையாவே ஒரு மெழுகுப் படலம் இருக்கும், அதுக்கு மேல வயல் மண்ணு, தூசி. இதுமேல நேரா பெயிண்ட் அடிச்சா பெயிண்ட் ஒட்டுறது தோல் மேல இல்ல, அந்த அழுக்கு மேலதான், அப்புறம் அழுக்கோட சேந்து உரிஞ்சு வரும். வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு, மென்மையான ஸ்பாஞ்சால தேய்ங்க. கம்பி நாரெல்லாம் வேணாம், கீறல் விழுந்தா அதுவும் அழுகலுக்கு வழி. காம்படிப் பள்ளத்துக்கு ஒரு பழைய டூத் பிரஷ் எடுத்துக்குங்க, அங்கதான் மண்ணு ஒளிஞ்சிருக்கும்.

அடுத்தது ப்ளீச். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு பத்து பங்கு தண்ணி கலந்து, கையுறை போட்டுக்கிட்டு, துணில நனைச்சு முழுக்க துடைங்க, அடியையும் காம்பையும் சேத்து. தோல் மேல இருக்குற பூஞ்சை வித்துக்களக் கொல்றதுக்குத்தான் இது. ஒரு எச்சரிக்கை, ப்ளீச்சோட வினிகரையோ அம்மோனியா கலந்த க்ளீனரையோ எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க, விஷ வாயு வரும். ரெண்டும் நல்லா க்ளீன் பண்ணுமேன்னு சேத்து ஊத்துற பழக்கம் சில பேருக்கு இருக்கு, அதனாலதான் சொல்றேன். ஜன்னலத் திறந்து வெச்சுக்குங்க.

இப்ப காயவைக்கணும். துண்டால ஒத்தி எடுத்துட்டு, கம்பி ரேக் மேலயோ நாலு பாட்டில் மூடி மேலயோ வெச்சு, அடியில காத்து போற மாதிரி ஒரு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. பாக்க காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா காம்படிப் பள்ளத்துல ஒரு டிஷ்யூவ சுருட்டி அழுத்திப் பாருங்க, ஈரம் ஒட்டும். அது ஒட்டாம வர்ற வரைக்கும் பெயிண்ட் டப்பாவத் திறக்காதீங்க.

இன்னொண்ணு, குளிர்ல வெளிய கிடந்த பூசணிய சூடான வீட்டுக்குள்ள கொண்டு வந்தா தோல் மேல பொடிப்பொடியா வேர்க்கும். துடைச்சாலும் திரும்ப வேர்க்கும், ஏன்னா உள்ள சதை இன்னும் சில்லுன்னுதான் இருக்கு. காய் முழுசா அறை சூட்டுக்கு வர்ற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் வேலைய ஆரம்பிங்க, பெருசுன்னா ஒரு ராத்திரி ஆயிடும்.

4. வாங்க வேண்டியதும் வாங்க வேண்டாததும்

இதுல பணம் போறது பூசணிக்கு இல்ல, கூட வாங்குற சாமானுக்குத்தான். கடைக்குப் போறதுக்கு முன்னாடி டிசைன முடிவு பண்ணி, ரெண்டு இல்ல மூணு கலர்தான்னு எழுதி வெச்சுக்கிட்டுப் போங்க, இல்லன்னா கூடை நிறைஞ்சுடும், பாதி சாமான் அடுத்த வருஷம் காஞ்சு கிடக்கும்.

அவசியம்னா இவ்ளோதான்: சின்ன பாட்டில் அக்ரிலிக் பெயிண்ட், ஒரு வெள்ளை ப்ரைமர் (வெள்ளைக் காய் வாங்கினா அதுவும் வேணாம்), ஒரு ஃபோம் பிரஷ், ஒரு சன்ன பிரஷ், மாஸ்கிங் டேப், க்ளியர் சீலர் ஒண்ணு, மேட்டோ (பளபளப்பில்லாதது) க்ளாஸோ (பளபளப்பானது) உங்க இஷ்டம். பழைய பேப்பர், தட்டு, காது குடையுற பட்ஸ் எல்லாம் வீட்டுலயே இருக்கும்.

வேணாம்னா, பூசணி அலங்கார செட்டுன்னு அட்டைப் பெட்டில வர்றது. அதுல இருக்குற பெயிண்ட் பெரும்பாலும் தண்ணில கரையுற போஸ்டர் கலர்தான், வீட்டுக்குள்ள ஓகே, வாசல்ல ஒரு தூறல் போட்டா கலர் கீழ ஓடும். பாட்டில்ல கழுவினா போயிடும்னு போட்டிருந்தா அது குழந்தைங்க துணிக்கு நல்லது, வெளிய வைக்குற பூசணிக்கு நல்லதில்ல. ரசீத பத்திரமா வைங்க, திறக்காத டப்பாவ நிறைய கடைல திருப்பி எடுத்துப்பாங்க, திறந்தத எடுக்க மாட்டாங்க. அதனால எல்லா டப்பாவையும் ஒண்ணா திறந்து வைக்காதீங்க, தேவைப்படுறப்ப ஒவ்வொண்ணா.

5. பெயிண்ட் அடிக்குறது

காம்ப பெயிண்ட் படாம விடப் போறீங்கன்னா அத டேப்பாலயோ, ப்ளாஸ்டிக் கவர சுத்தி ரப்பர் பேண்ட் போட்டோ மூடிடுங்க. என்னைக் கேட்டா காம்ப அப்படியே விடுறதுதான் அழகு, தங்கக் கலர் அடிச்சா அதுவும் ஓகே. பூசணிய அகல வாய் கிண்ணத்து மேல உக்கார வெச்சு அடிங்க, அப்பதான் பேப்பர் ஒட்டாது, கிண்ணத்தையே சுத்தி சுத்தி எல்லாப் பக்கமும் அடிக்கலாம். அடிப்பக்கத்துக்கு அடிக்க வேணாம், யாரும் பாக்கப் போறதில்ல, பின்னாடி அழுகல் பாக்குறதுக்கும் வெறுந்தோலா இருந்தாதான் நல்லது.

ஆரஞ்சு மேல வெளிர் கலர் வேணும்னா ப்ரைமர் இல்லாம இறங்காதீங்க. மூணு கோட்டு அடிச்சும் உள்ள இருந்து ஆரஞ்சு எட்டிப் பாக்கும், அடுத்து அடுத்துன்னு அடிச்சு பாட்டிலே காலி ஆயிடும். ப்ரைமர் ஒரு மெல்லிசு கோட்டு, காஞ்சதும் கலர் ரெண்டு மெல்லிசு கோட்டு, போதும். தடியா ஒரே கோட்டு அடிச்சா மேல காஞ்சு உள்ள ஈரமா இருக்கும், அப்புறம் விரல் பட்டாலே சுருங்கி வரும். ஃபோம் பிரஷ்ல இழுக்காம தட்டித் தட்டி அடிச்சா பிரஷ் கோடு தெரியாது. அவசரம்னா ஹேர் ட்ரையர் போடலாம், ஆனா குளிர் காத்துல, சூட்டுல வெச்சா பெயிண்ட் கொப்பளிக்கும்.

கோடு போடுறவங்களுக்கு ஒரு சூட்சுமம். மாஸ்கிங் டேப் ஒட்டி அடிச்சா வளைஞ்ச தோல்ல டேப் ஓரத்துக்கு அடியில பெயிண்ட் கசியும். அதனால டேப் ஒட்டினதும் அந்த ஓரத்துல முதல்ல கீழ இருக்குற கலரையே ஒரு தடவ லேசா தடவி காயவிடுங்க. கசியுறது அதே கலர்தான், கண்ணுக்குத் தெரியாது, இடுக்கும் அடைஞ்சுடும். அதுக்கு மேல புது கலர் அடிச்சு, அது முழுசா காய்றதுக்கு முன்னாடி டேப்ப மெதுவா சாய்வா இழுங்க, கத்தியால வெட்டின மாதிரி ஓரம் வரும். டேப்ப சன்னமா கிழிச்சு ஒட்டுனா வளைவுல சுருங்காது. டேப்புக்கு பதிலா அகலமான ரப்பர் பேண்ட மேல இருந்து கீழ மாட்டியும் கோடு போடலாம், ஆனா சின்ன காய்க்குத்தான் சரிப்படும்.

படம் வரையத் தெரியாதுன்னு கவலைப்பட வேணாம். பேப்பர்ல படத்த ப்ரிண்ட் எடுத்து, பின்பக்கம் முழுக்க பென்சிலால தேய்ச்சு, பூசணி மேல டேப் போட்டு ஒட்டி, பால்பாயிண்ட் பேனால கோட்டு மேலயே ஓட்டுங்க, சாம்பல் கோடா கீழ இறங்கிடும். ஓரத்துல நாலு இடத்துல வெட்டு போட்டா பேப்பர் வளைவுக்கு உக்காரும்.

ஸ்ப்ரே பெயிண்ட்னா வெளிய, காத்து கம்மியா இருக்குறப்ப, மாஸ்க் போட்டுக்கிட்டு. பெரிய அட்டைப் பெட்டிய படுக்க வெச்சு அதுக்குள்ள பூசணிய வெச்சு அடிச்சா சுத்தி எங்கயும் தெறிக்காது. டப்பாவ ஒரு ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கி, 20-30 சென்டிமீட்டர் தள்ளி, கைய நிறுத்தாம ஓட்டுங்க. டப்பா பின்னாடி இருக்குற குட்டி எழுத்த யாரும் படிக்குறதில்ல, அதுல எந்த வெப்பநிலையில அடிக்கணும்னு போட்டிருக்கும், பொதுவா 10 டிகிரி செல்சியஸுக்கு கீழ வேணாம்பாங்க. இலையுதிர் காலத்துல சாயங்காலம் அதுக்குக் கீழ சட்டுன்னு இறங்கிடும், அதனால மத்தியானத்துலயே முடிச்சுடுங்க. அடுத்த கோட்டு எவ்ளோ நேரத்துக்குள்ள அடிக்கணும்ங்குறதும் அதுலயே இருக்கும், அந்த நேரம் தாண்டி அடிச்சா சில பெயிண்ட் சுருக்கம் சுருக்கமா எழும்பிடும்.

முழுக்க டீல் கலர், அதாவது நீலமும் பச்சையும் கலந்த கலர் அடிக்கணும்னு ஆசைப்பட்டீங்கன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு தெரிஞ்சுக்குங்க. உணவு அலர்ஜி இருக்குற குழந்தைங்களுக்காக, இந்த வீட்டுல மிட்டாய் இல்லாம வேற சின்னச் சின்ன பரிசும் கிடைக்கும்னு சொல்ற அடையாளம் அது, அமெரிக்காவுல ஃபேர்ங்குற அலர்ஜி அமைப்பு 2014ல நாடு முழுக்க பரப்பினது. அந்தக் கலர் வெச்சா ஸ்டிக்கர், பென்சில்னு எதாவது தயாரா வெச்சிருங்க, ஹாலோவீன் அன்னிக்கு கேட்டு வருவாங்க.

6. பெயிண்ட் வேணாம்னா

மார்க்கர்தான் இருக்குறதுலயே மலிவு. வெள்ளைக் காய் மேல கறுப்பு மார்க்கர்ல இலை, கொடி, புள்ளின்னு கிறுக்கினாலே நல்லா இருக்கும். அக்ரிலிக் பெயிண்ட் பேனாவா இருந்தா இன்னும் நல்லது, சீலர் அடிச்சா கலையாது. சாதா பெர்மனென்ட் மார்க்கர்ல வரைஞ்சா தப்பான கோட்ட ரப்பிங் ஆல்கஹால்ல பட்ஸ நனைச்சு அழிச்சுடலாம், ஆனா இது வெறுந்தோல் மேலதான், கீழ அக்ரிலிக் அடிச்சிருந்தா ஆல்கஹால் அந்த பெயிண்டையும் சேத்து கரைச்சுடும். வரையுறப்ப உள்ளங்கை படுற இடத்துல ஒரு டிஷ்யூ வெச்சுக்குங்க, கை எண்ணெய் ஒட்டுன இடத்துல மை பிடிக்காது.

எனக்கு ரொம்ப புடிச்சது நாப்கின் ஒட்டுறது. பூப்போட்ட பேப்பர் நாப்கின எடுத்துக்குங்க, அது ரெண்டு மூணு அடுக்கா இருக்கும், மூலையில நகத்தால நிமிண்டி பின்னாடி அடுக்க எல்லாம் உரிச்சுட்டு படம் இருக்குற மேல் அடுக்க மட்டும் வெச்சுக்கணும். உரிக்காம ஒட்டுனா உள்ள காத்து நின்னு உப்பும். வெட்டாம கையால கிழிங்க, கிழிஞ்ச ஓரம் மெல்லிசா கலந்துடும், கத்தரி ஓரம் கோடா தெரியும். தோல் மேல மாட் பாட்ஜ் மாதிரி டெகோபாஜ் பசைய (பேப்பர் படத்த ஒட்டவும் அதுக்கு மேல பூசவும் ஆகுற பசை) மெல்லிசா தடவி, நாப்கின மேல வெச்சு, நடுவுல இருந்து வெளிப்பக்கமா பிரஷால லேசா தட்டுங்க, தேச்சா ஈர நாப்கின் அப்படியே கையோட வந்துடும். வரிப்பள்ளத்துல முழுத் துண்டா வைக்காம சின்னச் சின்னதா வைங்க. காஞ்சதும் மேல இன்னொரு கோட்டு. நாப்கின் ரொம்ப மெல்லிசுங்குறதால கீழ இருக்குற ஆரஞ்சு தெரியும், அதனால வெள்ளைக் காய், இல்ல வெள்ளை அடிச்ச காய்தான் இதுக்கு. சாதா டெகோபாஜ் பசை தண்ணி பட்டா பாலா வெளுத்து இளகும், வாசல்ல வைக்குறதுன்னா வெளிப்புறத்துக்குன்னு தனியா வர்றத வாங்குங்க.

நிஜ இலையையும் இதே மாதிரி ஒட்டலாம். ஆனா பறிச்ச அன்னிக்கே ஒட்டாதீங்க, ஈரம் போகப் போக சுருண்டு எழும்பும். கனமான புத்தகத்துக்குள்ள பேப்பர் நடுவுல வெச்சு ஒரு வாரம் போல அழுத்தி எடுங்க. மொறுமொறுன்னு ஆயிடுச்சுன்னா வளைவுல உடையும், தட்டையா இருக்கணும், ஆனா வளைச்சா வளையணும், அந்தப் பதத்துல ஒட்டிடுங்க. தடிச்ச நடு நரம்ப பின்பக்கம் கொஞ்சம் சீவிட்டா நல்லா படியும்.

க்ளூ கன் (பசைய சூட்டுல உருக்கி விடுற கருவி) வெச்சு ரிப்பன், முத்து, துணிப் பூ ஒட்டுறதுன்னா கம்மி சூட்டு கன் போதும், குழந்தைங்க பக்கத்துல இருந்தா கண்டிப்பா அதுதான். வழவழப்பான தோல்ல சூட்டுப் பசை குளிர்ல சட்டுன்னு விட்டுடும், அதனால இதெல்லாம் வீட்டுக்குள்ள வைக்குற பூசணிக்கு. தம்ப் டாக், குண்டூசி வெச்சு டிசைன் பண்றது பாக்க பளபளன்னு ஜோரா இருக்கும், ஆனா ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை, வெட்டாம பண்றதோட லாபமே போயிடும். விசேஷத்துக்கு சில நாள் முன்னாடி குத்துனா சமாளிக்கலாம், இல்ல ஃபோம் காய்ல குத்துங்க.

க்ரேயான் குச்சிகள காம்பச் சுத்தி ஒட்டி ஹேர் ட்ரையர்ல உருக்குறது போட்டோவுக்கு நல்லா இருக்கும், நேர்ல பாத்தா அவ்ளோ பிரமாதம் இல்ல, சுத்தம் பண்றதுதான் பெரிய வேலை. க்ளிட்டர் பத்தி ஒரே வார்த்தை: கொட்டினா அடுத்த இலையுதிர் காலத்துலயும் கம்பளத்துல இருக்கும்.

7. சீலர்

எல்லாம் முழுசா காஞ்சதுக்கு அப்புறம் க்ளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே, மெல்லிசா ரெண்டு கோட்டு. பெர்மனென்ட் மார்க்கர் யூஸ் பண்ணவங்க கவனம், ஸ்ப்ரே சீலர்ல இருக்குற கரைப்பான் பட்டதும் மை பரவி கோடெல்லாம் ஊதா ஊதாவா வழியும். முதல்ல அடிப்பக்கத்துல ஒரு கோடு போட்டு அது மேல அடிச்சுப் பாருங்க. பரவுச்சுன்னா சீலரே வேணாம், வீட்டுக்குள்ள வெச்சுக்குங்க. பரவலன்னாலும் முதல் கோட்டு தள்ளி நின்னு தூசி மாதிரி தூவி விட்டு காயவிட்டுதான் அடுத்தது.

சீலர் அடிச்சா அழுகாதுன்னு சில பேர் சொல்லுவாங்க, நம்பாதீங்க. அது காப்பாத்துறது பெயிண்டத்தான், காய இல்ல.

8. எங்க வைக்குறது, எப்படி பாத்துக்குறது

நேரா சிமெண்ட் தரையிலயோ மர மேசையிலயோ வைக்காதீங்க. அடியில ஈரம் கோத்து அங்கதான் முதல்ல இளகும், அதோட கசிஞ்சா மரத்துல கறை போகவே போகாது. ஒரு மடிச்ச அட்டை, வைக்கோல், கார்க் தட்டு எதாவது கீழ வைங்க. வீட்டுக்குள்ளன்னா ஹீட்டர் பக்கமும் நேர் வெயில் ஜன்னலும் வேணாம். பூசணிக்கு புடிச்சது 10ல இருந்து 13 டிகிரி, காஞ்ச இடம், அதாவது மூடின வராண்டா, மாடிப்படி ஓரம் மாதிரி. ஆப்பிள் கூடை பக்கத்துலயும் வைக்காதீங்க, ஆப்பிள் விடுற எத்திலீன் வாயு காயோட ஆயுசக் குறைக்கும்.

உறைபனி விழும்னு வானிலையில சொன்னா அன்னிக்கு ராத்திரி உள்ள எடுத்துடுங்க. ஒரு தடவ உறைஞ்சு இளகின பூசணி வெளிய பெயிண்டோட ஜம்முன்னு இருக்கும், தூக்குனா கை உள்ள போயிடும்.

வாரம் ஒரு தடவ தூக்கி அடிய அமுக்கிப் பாருங்க, மோந்து பாருங்க. பெயிண்ட் அடிச்ச காய்ல அழுகல் கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் அடிய வெறுமையா விடச் சொன்னேன். ஒண்ணு இளகிடுச்சுன்னா அன்னிக்கே எடுத்துடுங்க, பக்கத்துல ஒட்டி இருக்குறதுக்கும் பரவும். வெளிச்சம் வேணும்னா பேட்டரில ஓடுற எல்.இ.டி சரத்த சுத்திக்குங்க, பேப்பரும் ரிப்பனும் ஒட்டின பூசணி பக்கத்துல மெழுகுவர்த்தி ஏத்தாதீங்க.

அபார்ட்மெண்ட்ல இருக்கீங்கன்னா குடியிருப்பு விதிகள்ல அலங்காரம் பத்தி என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவ பாத்துடுங்க, பொது நடைபாதையில, படிக்கட்டுல எதுவும் வைக்கக் கூடாதுன்னு பல இடத்துல இருக்கும், தீ விபத்துன்னா ஓடுற வழி அது. பள்ளிக்கூடத்துலயோ ஆபீஸ்லயோ வெட்டாத பூசணி போட்டின்னு நோட்டீஸ் வந்தா சாமான் வாங்குறதுக்கு முன்னாடியே முழுசா படிங்க. அளவு எவ்ளோ, நிஜக் காயா ஃபோமா, ஊசி குத்தலாமா, க்ளிட்டர் ஓகேவா, எந்தத் தேதிக்குள்ள கொண்டு வரணும், யார் திருப்பி எடுத்துட்டுப் போகணும், எல்லாம் அதுலயே இருக்கும். பேர அடியில ஒட்டாதீங்க, கசிஞ்சா படிக்க முடியாது, காம்புல அட்டையா கட்டி விடுங்க.

9. முடிஞ்சதும்

பெயிண்ட், சீலர், க்ளிட்டர் பட்ட பூசணிய சமைக்கவும் கூடாது, உரக்குழியில போடவும் கூடாது, அணிலுக்கோ மானுக்கோ வைக்கவும் கூடாது, நேரா குப்பைதான். ரிப்பனோ விளக்கோ சுத்தி மட்டும் வெச்சிருந்த காய்னா எல்லாத்தையும் கழட்டிட்டு உரத்துக்குப் போடலாம், துண்டு துண்டா உடைச்சுப் போட்டா சீக்கிரம் மக்கும், விதைய எடுத்துட்டுப் போடுங்க இல்லன்னா வசந்த காலத்துல உரக்குழி முழுக்க கொடி ஓடும்.

மிச்ச பெயிண்ட சிங்க்ல ஊத்தாதீங்க. கொஞ்சம்தான் இருக்குன்னா அட்டையில தடவி காயவிட்டு குப்பைல போடுங்க. பாதி இருக்குற ஸ்ப்ரே டப்பாவ சாதா குப்பைல போடாம, அபாயக் கழிவு வாங்குற இடத்துல குடுங்க. வெச்சுக்கப் போறீங்கன்னா டப்பாவ தலைகீழா புடிச்சு வெறும் காத்து வர்ற வரைக்கும் ஒரு அழுத்து அழுத்திட்டு வைங்க, டப்பாவோட ஸ்ப்ரே மூக்கு அடைக்காது. அக்ரிலிக் பாட்டில மூடி இறுக்கி வீட்டுக்குள்ள வைங்க, குளிர் காலத்துல கராஜ்ல விட்டா உறைஞ்சு இளகி தயிர் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா போயிடும், அப்புறம் எவ்ளோ குலுக்கினாலும் சேராது.